கர்ப்பப் பரிசோதனையும் ரேஷன் கார்டும்: களத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 8.2 கிராம், 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயிற்று, எப்படிச் சாப்பிடுவது என்றும் சொல்லியாயிற்று. அடுத்த மாதம் பார்த்தால் 8.1. ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று அட்டையில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

கொஞ்சம் உட்கார வைத்துக் கேட்டால் வேறு கதை வரும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறார், அதனால் மாத்திரை போட்டதும் வாந்தி வருகிறது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் கணவர் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் ஏறவில்லை. அங்கன்வாடி சத்துமாவு அம்மா ஊரில் பதிவாகியிருக்கிறது, அவரோ இங்கே இருக்கிறார். இவற்றில் ஒன்றைக்கூட மருத்துவரின் பேனா தீர்க்காது. ஆனால் ஒவ்வொன்றையும் தீர்க்கும் அதிகாரம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். அந்தப் பெண்ணையும் அந்த அலுவலரையும் சந்திக்க வைப்பதும், சந்தித்தபின் வேலை முடிந்ததா என்று பார்ப்பதும்தான் இங்கே பேசப்படும் வேலை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர், சமூகப்பணி படித்துவிட்டுக் களத்துக்கு வருபவர், கிராம சுகாதாரக் குழுவில் இருக்கும் மகளிர் குழு உறுப்பினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. தமிழ்நாட்டு நடைமுறைகளை ஒட்டியது.

ஏன் இந்த வேலை தேவை? 2018–20 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 99 சதவீதத்துக்கும் மேல். அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் பாதிக்குச் சற்றே குறைவானோருக்கு ரத்தசோகை. கட்டில் கிடைத்துவிட்டது, சோறு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். மிச்சமிருக்கும் இறப்பும் எல்லா வீட்டிலும் சமமாக நிகழ்வதில்லை. மலைக் கிராமம், செங்கல் சூளை, வீட்டை எதிர்த்து மணந்த தம்பதி, பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்று அது தேடிப் போகும் முகவரிகள் நமக்குத் தெரிந்தவையே.

முதல் பதிவு: பன்னிரண்டு வாரத்துக்குள்

எல்லாம் ஆர்.சி.எச். எண்ணில் தொடங்குகிறது. பிக்மி என்ற அரசு இணையதளத்தில் கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் 12 இலக்க எண் அது. உதவித்தொகைக்கும் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேட்பார்கள். கடைசி மாதவிடாய்த் தேதியைச் சரியாக வாங்குங்கள். ‘பொங்கலுக்கு முன்னாடி’ என்று சொன்னால், பொங்கலுக்கு எத்தனை நாள் முன்பு, அமாவாசைக்கு முன்பா பின்பா என்று கேட்டு நெருங்கலாம். இந்தத் தேதி தவறினால் பிரசவத் தேதி தவறும். பிரசவத் தேதி தவறினால் மலைக் கிராமப் பெண்ணைக் கீழே இறக்கி வரும் நாளும் தவறும்.

பதியும் அன்றே ஆவணங்களையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கியது. இன்று மொத்த மதிப்பு 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிரம்பிய பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உண்டு. தவணை எந்தெந்த மாதம் என்பது அரசாணையால் பலமுறை மாறியிருக்கிறது. சுவரில் பழைய அட்டவணை ஒட்டியிருந்தால் முதல் வேலையாக அதைக் கிழித்துவிட்டு, வட்டார அலுவலகத்தில் நடப்பு ஆணையின் நகலை வாங்கி ஒட்டுங்கள். பழைய அட்டவணையை நம்பிப் பத்து கிலோமீட்டர் வந்து வெறுங்கையோடு திரும்பும் பெண் அடுத்த பரிசோதனைக்கு வரத் தயங்குவார்.

பணம் நின்றுபோவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

- ஆதாரில் அப்பா பெயர் முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர். இரண்டும் பொருந்தாததால் விண்ணப்பம் திரும்பிவிடும். எதையாவது ஒன்றை முதல் மூன்று மாதத்துக்குள் திருத்திவிட வேண்டும். வயிறு பெருத்த பிறகு இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.
- கணக்கு வேறு, ஆதார் இணைந்திருக்கும் வங்கி வேறு. நேரடிப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். எப்போதோ நகைக்கடனுக்காகத் திறந்த கணக்கில் பணம் விழுந்து, அவருக்கே தெரியாமல் கிடக்கும். ‘பணம் வரலைங்க’ என்றால் முதலில் இதைப் பாருங்கள்.
- நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு. வங்கிக்கு ஆதாரோடு ஒருமுறை நேரில் போனால் உயிர்ப்பித்துத் தருவார்கள்.
- கணவர் அல்லது மாமியார் பெயரில் கணக்கு. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரேஷன் கார்டு தனிச் சிக்கல். புதிதாக மணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து நீக்கினால்தான் கணவர் வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். நீக்கினால் அங்கே ஒரு ஆளின் அரிசி குறையும் என்பதால் பிறந்த வீட்டில் தள்ளிப்போடுவார்கள். சாதி மாறி மணந்த பெண்ணுக்கு அந்தக் கதவே மூடியிருக்கும். பெண்ணை வீட்டாரிடம் அனுப்பாமல், விண்ணப்பத்தோடு திருமணப் பதிவுச் சான்றையும் இணைத்து வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரடியாகப் பேசுங்கள். அங்கே நீங்கள் கூட நின்றால் வேலை விரைவாக நடக்கும்.

என்ன கேட்பது, எப்போது கேட்பது

‘நல்லா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். மாமியார் பக்கத்தில் நின்றால் அந்த ‘ம்’ இன்னும் சீக்கிரம் வரும். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக இருக்கும்.

- நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க? வீட்ல எல்லாரும் சாப்பிட்டப்புறம் உங்களுக்கு என்ன மிச்சம் இருந்துச்சு?
- அங்கன்வாடி மாவை யார் யார் சாப்பிடுறாங்க?
- ரேஷன் கார்டுல உங்க பேர் எந்த ஊர்ல இருக்கு?
- பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் யார் கையில இருக்கு?
- இன்னைக்கு இங்க வந்ததால கூலி போச்சா? எவ்வளவு?
- ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யாருக்கு போன் பண்ணுவீங்க? கூட யார் வருவாங்க?
- நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிற நாள்ல பெரிய பிள்ளையை யார் பாத்துப்பாங்க?
- எட்டாம் மாசத்துக்கு மேல எந்த ஊர்ல இருப்பீங்க?
- போன ரெண்டு வாரமா மனசு எப்படி இருக்கு? எதுலயும் பிடிப்பில்லாம, அழுகையா வருதா?
- வீட்ல யாராவது கை நீட்டுறாங்களா, பயமுறுத்துறாங்களா?

முதல் எட்டையும் பதிவு நாளிலேயே கேட்கலாம். கடைசி இரண்டையும் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பும் நேரம் இதற்கு ஏற்றது. உடன் வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் குப்பியைக் கொடுக்கக் கூடவே போகலாம். முதல் முறை ‘அதெல்லாம் இல்லைங்க’ என்பார். விட்டுவிடுங்கள். 26 வாரத்தில் ஒருமுறை, 34 வாரத்தில் ஒருமுறை, பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறை அதே கேள்வியை அதே பரிவோடு கேளுங்கள். மூன்றாம் முறை பதில் வருவது அரிதல்ல.

வன்முறை பற்றி வரும் பதிலைத் தாய்சேய் நல அட்டையில் எழுதவே கூடாது. அந்த அட்டை வீட்டில் எல்லோர் கையிலும் புழங்கும். உங்கள் பதிவேட்டில் நீங்களும் மருத்துவரும் மட்டும் அறிந்த ஒரு குறி போதும்.

யாரிடம் ஒப்படைப்பது

திட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பெண்ணை அனுப்புவது வீண் வேலை. இந்த வட்டாரத்தில் அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எந்தக் கிழமை இருப்பார், தொலைபேசி எண் என்ன என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துச் சரிபாருங்கள். மாறுதல் உத்தரவு வந்தால் பாதி எண்கள் பழசாகிவிடும்.

உணவு என்றால் அங்கன்வாடிப் பணியாளர். சத்துமாவு வீட்டுக்குப் போனால் வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் அது கஞ்சியாகும். எந்தத் தாயும் பிள்ளை பார்க்கத் தான் மட்டும் குடிக்கமாட்டாள், ஆகவே அதைக் குற்றமாகப் பேசாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் அங்கன்வாடியில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையின் பங்கு பிள்ளைக்கு வந்தால் தாயின் பங்கு தாய்க்கு நிற்கும்.

மாத்திரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் இரண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் கழித்தும் 1 கிராம்கூட ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அன்றே உணவுக் கேள்வியையும் மறுபடி கேட்க வேண்டும். 7-க்குக் கீழ் என்றால் மருத்துவ அலுவலர் அன்றே பார்க்க வேண்டும். அங்கே ரேஷன் பேச்சு அப்புறம்.

வேலை என்றால் இடத்தைப் பொறுத்தது. கம்பெனியில் வேலை செய்பவருக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. கட்டட வேலை, தையல், வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தந்த நலவாரியத்தில் மகப்பேறு உதவி உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முன்பே உறுப்பினராகிக் கணக்கைப் புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும். ஆகவே இதையும் பதிவு நாளன்றே கேளுங்கள்.

பயணம் என்றால் போக 108 ஆம்புலன்ஸ், பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம் என்பது 2011 முதல் நடுவண் அரசுத் திட்டமாகவே உள்ளது. ஆனாலும் குடும்பங்கள் அந்த நாளுக்கென்று கடன் வாங்குகின்றன. பெரும்பாலும் அது உடன் தங்குபவரின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போகிறது. கிராம சுகாதாரக் குழுவின் நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். என்றாலும் மிக ஏழ்மையான வீட்டின் அவசரச் செலவுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்கிக் குழுவில் தீர்மானம் போட்டு வைக்கலாம்.

பாதுகாப்பு என்றால் பெண்கள் உதவி எண் 181, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம். மனம் என்றால் மனநல உதவி எண் 14416, கூடவே மாவட்ட மனநலக் குழு. ‘செத்துடலாம்னு இருக்கு’ என்ற சொல் வந்துவிட்டால் எண்ணைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அன்று அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.

பதிவேடு: அனுப்பிய தேதி அல்ல, கிடைத்த தேதி

பெரும்பாலான இடங்களில் இந்த வேலை தோற்பது இங்கேதான். ‘சமூக நலத்துறைக்குப் பரிந்துரைக்கப்பட்டது’ என்று எழுதியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். அந்தப் பெண் அங்கே போனாரா, போனபோது அலுவலர் இருந்தாரா, எந்தத் தாள் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

சாதாரண நீள நோட்டு போதும். ஆர்.சி.எச். எண், பிரசவத் தேதி, கணவர் ஊர், அம்மா ஊர், இரண்டு தொலைபேசி எண் (ஒன்று கட்டாயம் பெண்ணுடையது அல்லது அவர் நம்பும் பெண்ணுடையது), என்ன உதவி தேவை, யாரிடம் ஒப்படைத்தோம், எந்தத் தேதி, கையில் கிடைத்த தேதி, கிடைக்காவிட்டால் காரணம். கடைசி இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கும்வரை அந்த வரி திறந்தே இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஏழாம் நாள் ஒரு அழைப்பு. பதினைந்தாம் நாளும் கிடைக்கவில்லையென்றால் நீங்களே அந்த அலுவலகத்துக்குப் பேசுங்கள்.

நேரமில்லை என்று தோன்றும். கணக்குப் போடுவோம். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள். ஆண்டுக்குச் சுமார் 70 பிரசவம், எந்த நாளிலும் ஐம்பது சொச்சம் கர்ப்பிணிகள். எல்லோருக்கும் எல்லா உதவியும் தேவைப்படாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் தொலைபேசிக்கு ஒதுக்கினால் திறந்திருக்கும் வரிகளை மூடிக்கொண்டே வரலாம்.

மாதம் ஒருமுறை கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளன்று செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தத்தம் பதிவேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள். செவிலியரிடம் இருந்து அங்கன்வாடியில் இல்லாத பெயரும், அங்கே இருந்து இங்கே இல்லாத பெயரும் உடனே தெரியும். பொதுவாக அந்த விடுபட்ட பெயர்கள்தான் நாம் தேட வேண்டியவர்கள்.

அம்மா வீட்டுக்குப் போகும் மாதம்

வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் நம் ஊரில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். ரத்த அழுத்தம் ஏறத் தொடங்குவதும் சர்க்கரை ஏறுவதும் இந்தக் காலத்தில்தான். கணவர் ஊர் செவிலியர் ‘ஊருக்குப் போயாச்சு’ என்று எழுதுகிறார். அம்மா ஊர் செவிலியருக்கு அவர் வந்திருப்பதே தெரியாது. அங்கன்வாடியில் இங்கே பெயர் இருக்கும், மாவு அங்கே தேவைப்படும்.

வளைகாப்புத் தேதியை ஆறாம் மாதத்திலேயே கேட்டுக் குறித்துவையுங்கள். தேதிக்கு ஒரு வாரம் முன்பு நான்கு காரியம்: அம்மா ஊர் செவிலியரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசி ஆர்.சி.எச். எண்ணைக் கொடுப்பது, அங்கன்வாடிப் பதிவை அந்த ஊருக்கு மாற்றச் சொல்வது, குறைந்தது ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுப்பது, தாய்சேய் நல அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், ஸ்கேன் தாள்கள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு அனுப்புவது. மூன்றாம் நாள் அம்மா ஊர் செவிலியரை அழைத்து ‘பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். ‘பார்த்தேன், பிரஷர் இவ்வளவு’ என்ற பதில் வந்தால்தான் ஒப்படைப்பு முடிந்தது. 140/90 என்றோ அதற்கு மேலோ சொன்னால் அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

அம்மா இல்லாத பெண்ணும், வீட்டை விட்டு வந்து மணந்த பெண்ணும் இந்த மாதத்தில் மிகவும் தனித்துப்போகிறார்கள். அங்கன்வாடிகள் நடத்தும் சமுதாய வளைகாப்பில் அவர்களை முதலில் சேருங்கள். பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண் துணையை அரசு மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. அது தாயாகவோ மாமியாராகவோதான் இருக்க வேண்டுமென்பதில்லை. மகளிர் குழுவில் யார் வருவார் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

தனிக் கவனம் தேவைப்படும் இடங்கள்

செங்கல் சூளை: திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் ஒடிசாவிலிருந்து குடும்பமாக வருகிறார்கள், மழைக்கு முன் திரும்புகிறார்கள். வந்த வாரமே சூளைக்குப் போய்க் கணக்கெடுக்க வேண்டும், அவர்கள் தேடி வரும்வரை காத்திருந்தால் எட்டாம் மாதமாகியிருக்கும். சொந்த ஊரில் பதிவு எண் இருந்தால் அதையே தொடருங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவர்களுடைய கார்டுக்குரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். கைரேகை பதியாததே முக்கியத் தடை: களிமண்ணில் விரல் ரேகை தேய்ந்திருக்கும். குடும்பத்தில் வேறொருவர் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணக் கடனால் பெண்ணை மருத்துவமனைக்கு விட மறுக்கிறார்கள் என்று தெரிந்தால் அது கொத்தடிமை முறை. வருவாய்க் கோட்டாட்சியரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

மலை: ஜவ்வாது, கல்வராயன் போன்ற இடங்களில் பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே வந்து தங்கக் காத்திருப்பு அறை உண்டு. பெண்கள் வர மறுப்பது மூடநம்பிக்கையால் என்று எழுதிவிடுவது எளிது. கேட்டுப் பாருங்கள்: மூத்த பிள்ளை, ஆடு, உடன் வருபவரின் கூலி என்று காரணம் வரும். மூத்த பிள்ளையையும் கூட அழைத்து வரலாம், சாப்பாடு உண்டு என்று உறுதி சொல்ல முடிந்தால் பலர் வருவார்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்: சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தரும் கடமை உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் சிகிச்சை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. முதலில் பரிசோதனை, அன்றே மருத்துவ அலுவலருக்குத் தகவல், பிறகு குழந்தைகள் உதவி எண் 1098 வழியாகக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் காவல்துறைக்கு வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கியிருக்கிறது. இது தெரியாமல் ‘போலீஸ் வரும்’ என்று மிரட்டினால் அந்தப் பெண் முறையற்ற கைகளுக்குப் போய்ச் சேர்வாள்.

பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது

தாய் இறப்பு எண்ணிக்கையை வைத்து உங்கள் வேலையை அளக்காதீர்கள். 30,000 மக்களுள்ள ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 பிரசவம். லட்சத்துக்கு 54 என்ற விகிதத்தில் நான்கைந்து ஆண்டுக்கு ஓர் இறப்பு. ஓராண்டு இறப்பே இல்லை என்பதால் எல்லாம் சரியாக நடந்தது என்று ஆகிவிடாது.

பதிலாக நான்கு எண்கள்: 12 வாரத்துக்குள் பதிந்தவர்கள், 34 வாரத்தில் ஹீமோகுளோபின் 11 தொட்டவர்கள், ஒப்படைத்த உதவிகளில் கையில் கிடைத்தவை, பிரசவத்துக்குப் பின் 42 நாளுக்குள் வீட்டில் பார்க்கப்பட்டவர்கள். மொத்தமாகப் போட்டால் எண் அழகாகத் தெரியும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வெளி மாநிலத்தவர், 20 வயதுக்குட்பட்டவர் என்று பிரித்துப் போடுங்கள். மொத்தம் 90 சதவீதமாக இருக்கும்போது ஒரு குடியிருப்பில் மட்டும் ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் கிடைத்திருக்கும். அடுத்த வாரத் தொலைபேசி நேரத்தை மற்ற நால்வருக்கு ஒதுக்குங்கள்.